கடல் கணக்கா

எங்கள் கீழ்வீட்டு பாய் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். தெருவுக்குள் தண்ணி லாரி வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இவர் மட்டும் வெறுங்கையை வீசிக்கொண்டு போவார். ஒரு உள்ளங்கைத் தண்ணீரைப் பிடித்து வாயில் விட்டு, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டி, ஓரமாகத் துப்பிவிட்டு, இன்றைக்கு மருந்து ஜாஸ்தி, காய்ச்சிக் குடியுங்கள் என்று தீர்ப்பு சொல்வார். அதற்குப் பிறகுதான் தன் வீட்டுக் குடத்தையே வெளியே எடுக்கச் சொல்வார். அதற்குள் வரிசை தெருமுனை வரைக்கும் போயிருக்கும். பாயம்மா தலையில் அடித்துக்கொண்டு கடைசியில் போய் நிற்பார்.

தெருமுனையில் அண்ணாச்சி மளிகைக் கடை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பாயின் தலை தெரிந்தாலே வெல்ல மூட்டையின் வாயைச் சுருட்டிவிடுவார். துவரம்பருப்பில் ரெண்டைக் கடிப்பது, புளியைக் கிள்ளுவது, கல் உப்பில் ஒரு கல்லை எடுத்து நாக்கின் கீழே அடக்கிக்கொண்டு ஊர்க்கதை பேசுவது என்று பாய் வாங்க வந்தது பாதி, வாயில் போட்டது பாதியாக இருக்கும். ஒருநாள் அண்ணாச்சி பொறுக்கமாட்டாமல், "பாய், பினாயில் புதுசா வந்திருக்கு. பாத்துச் சொல்லுதியளா?" என்று கேட்டார். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. மூடியைத் திற என்று கை நீட்டினார்.

அவர் பிரியாணி மாஸ்டர். கடை கிடையாது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எங்கே கல்யாணமோ அங்கே அவருடைய அண்டாவும் கரண்டியும் போகும். எங்கள் பக்கத்தில் அரிசியைத் தனியாக உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து வடித்து, அதைக் கறி மசாலா மேல் கொட்டித் தம் போடுவார்கள். அந்த உலைத் தண்ணீர் கடல் தண்ணீர் மாதிரி கரிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கரண்டி மொண்டு, ஊதி, நாக்கில் விட்டுக் கண்ணை மூடுவார். சுற்றி நிற்கும் ஆட்கள் அரிசிக் கூடையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். கல்யாண வீட்டுப் பெரியவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். கண்ணைத் திறந்து, "கடல் கணக்கா கீது, போடு!" என்று ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தம் வராமல் ஒரு மணி அரிசி உள்ளே விழாது.

கண் ஏமாத்தும், காது ஏமாத்தும், நாக்கு ஏமாத்தாது என்பார். என் நாக்குதாம்மா என் பட்டறை என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

இந்த மனுஷனோடு எனக்கு நெருக்கம் வந்தது மீனால். நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், பகலெல்லாம் கன்டெய்னர் நம்பர் பார்த்து, சாயங்காலம் அதே மாதிரி தொங்கிக்கொண்டு வந்தால், ஒரு தொட்டி முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் எனக்கு ஓய்வு. கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் என்று நல்ல தண்ணீர் மீன்கள் எல்லாம் வளர்த்தாயிற்று. அவை பாவம், நாம் என்ன தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். கொஞ்சம் குளோரின் போக்கி ஊற்றினால் போதும், குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் அது சலித்துவிட்டது. கொளத்தூர் மீன் கடையில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன் ஒரு ஜோடியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

உப்புத் தண்ணீர்த் தொட்டி வைக்கப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரிகிற ஊரில் காசு கொடுத்துக் கடல் உப்பு வாங்குகிற முதல் ஆள் நீதான் என்றார். பாய் சிரிக்கவில்லை. மறுநாளே தன் வண்டியில் காசிமேட்டுப் பக்கம் போய் ஒரு கேன் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து என் வாசலில் வைத்தார். வைத்த கையோடு விரலை விட்டு நக்கினார். முகம் கோணிப்போயிற்று. படியிலேயே துப்பிவிட்டு, டீசல் அடிக்கிறது, இதில் மீனை விட்டால் எண்ணெய் இல்லாமலே பொரிந்துவிடும் என்று சொல்லிக் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கடையில் வாங்கிய மீன் தொட்டி உப்பையும் விடவில்லை. ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்து, இது உப்பா மருந்தா, பின்னாலேயே ஒரு கசப்பு வருதே என்றார். கடலில் வெறும் உப்பு மட்டும் இல்லை, வேறு சத்துகளும் கலந்திருக்கும், அந்தக் கசப்பு அதுதான் என்று நான் வகுப்பெடுத்தேன். அண்ணாச்சி கடை கல் உப்பைப் போட்டால் போதாதா என்று ஒரு வாரம் சண்டை போட்டார்.

தொட்டி ரெண்டடிதான். கல்லும் மணலும் உப்புத் தண்ணீரும் போட்டு, மோட்டாரும் விளக்கும் மாட்டி, மீன் விடாமல் சும்மா ஓட விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் கல்லில் வளர்ந்த பிறகுதான் மீன் விடலாம். நல்ல தண்ணீர் மீன் வளர்த்த கைக்கு இந்தக் காத்திருப்பு பெரிய தண்டனை. தெருவில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டு, வெறும் தண்ணிக்கு லைட் போட்டு வச்சுகீறா என்று கிண்டல் செய்துவிட்டுப் போனார்கள். பாய் மட்டும் தினமும் வந்தார். வருவார், விரலை விடுவார், நக்குவார், "கடல் கணக்கா கீது" என்பார், போவார்.

அந்தத் தொட்டிக்காக நான் ஒரு கண்ணாடிக் குச்சி வாங்கியிருந்தேன். ஒரு சாண் நீளம், அடியில் கனம் வைத்திருப்பார்கள். தண்ணீரில் விட்டால் நேராக நின்று மிதக்கும். உப்பு குறைந்தால் ஆழமாக அமிழும், கூடினால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கழுத்தில் பொடிப்பொடி எண்களுக்கு நடுவில் ஒரு பச்சைக் கோடு, கடல் உப்புக்கு அதுதான் அளவு. தொட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து நூலில் மாட்டி வைத்திருந்தேன். பாய்க்கு அந்தக் குச்சியைக் கண்டாலே ஆகாது. அவர் சரி என்று சொன்ன பிறகும் நான் குச்சியை விட்டுப் பார்ப்பேன். அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சில நாள் அவர் சொன்னது சரியாக இருக்கும், சில நாள் தப்பாக இருக்கும். தப்பான நாளில் குச்சிதான் கெட்டுப்போயிற்று என்பார். கண்ணாடிக்கு இன்னாமா ருசி தெரியும் என்பார்.

மீன் தீவனத்தையும் ருசி பார்த்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உப்பு உறைப்பு ஒன்றும் இல்லை, அதுங்க எப்படித் தின்னும் என்று வருத்தப்பட்டார்.

கடைசியில் ஜோடி மீன் வந்தது. வந்து பழகுவதற்குள் அந்தக் காய்ச்சல் வந்தது. ஊரே படுத்ததே, அந்தக் காய்ச்சல். எனக்கும் வந்தது. வாசனை சுத்தமாகப் போய்விட்டது. வடக்குக் காற்று அடித்தால் எங்கள் பக்கம் ஒரு கெமிக்கல் வாடை வரும், அதுகூடத் தெரியாமல் நிம்மதியாகப் படுத்திருந்தேன். பாய் வீட்டிலும் எல்லாருக்கும் வந்தது. பாய் முதலில் எழுந்து நடமாடினார். எனக்கு ஒண்ணும் ஆவல என்று எல்லாரிடமும் சொன்னார். நான் படுக்கையில் கிடந்ததால் தொட்டியை அவர் பொறுப்பில் விட்டேன். சாவி எப்போதும் பாயம்மாவிடம்தான் இருக்கும்.

நான் தேறி எழுந்து தொட்டியைப் பார்த்தபோது ஒரு மீன் செத்துக் கல்லிடுக்கில் செருகிக் கிடந்தது. இன்னொன்று மூலையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. குச்சியை விட்டேன். தண்ணீர் அதை வெளியே துப்பப் பார்ப்பது போலக் குச்சி பாதி உயரம் மேலே நின்றது. பச்சைக் கோடு எங்கேயோ இருந்தது. தொட்டியில் இருந்தது கடல் தண்ணீர் இல்லை, ஊறுகாய்த் தண்ணீர்.

கீழே இறங்கிப் போய்க் கத்தினேன். காய்ச்சல் உடம்பில் எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியவில்லை. பாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதில் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. தினமும் பார்த்தாராம். கரிக்கவே இல்லையாம். அதனால் தினமும் கொஞ்சம் உப்பு போட்டாராம். உப்பில் கலப்படமாம். மனுஷன் தன் நாக்கைத் தவிர உலகத்தில் எல்லாவற்றையும் குறை சொல்வான் என்று பாயம்மா எதிரிலேயே சொல்லிவிட்டு மேலே வந்தேன். மிச்சமிருந்த மீனை மெல்ல மெல்லத் தண்ணீர் மாற்றிக் காப்பாற்றினேன். பிறகு அதற்கு ஒரு துணையும் வாங்கி விட்டேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் பாயம்மா படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார். காய்ச்சலுக்கு அப்புறம் மனுஷன் திருந்திவிட்டாராம். எதை வைத்தாலும் வாய் பேசாமல் சாப்பிடுகிறாராம். நிக்காஹ் ஆன நாளிலிருந்து ஒரு வேளைகூடக் குறை சொல்லாமல் எழுந்ததில்லையாம், இப்போது எல்லாமே நல்லா கீதாம். அல்லாஹ் அந்தக் காய்ச்சலை முன்னாடியே அனுப்பியிருக்கக் கூடாதா என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் கல்யாண வீடுகளில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வலிமா விருந்தில் சோறு வாயில் வைக்க முடியாத உப்பு என்றார்கள். இன்னொரு இடத்தில் உப்பே இல்லை, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்தது என்றார்கள். பாய், உப்பு கம்பெனி மாறிடுச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கடையில் முன்னைவிட அதிகமாகக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார், எல்லாரும் பார்க்கும்படியாக.

உப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு விஷயம் உண்டு. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்காகக் கேன் தண்ணீரை ஒரு பக்கெட்டில் ஊற்றி வைத்திருந்தேன். பாய் வந்தார். எங்களுக்குள் கோபம் எல்லாம் அதற்குள் ஆறிப்போயிருந்தது. வழக்கம்போல விரலை பக்கெட்டில் விட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"கடல் கணக்கா கீது. ஊத்து."

நான் அவரையே பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் முகம் மாறியது. மறுபடியும் விரலை விட்டார். மறுபடியும் நக்கினார்.

"பாய், அது கேன் தண்ணி," என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்று செத்த மீன், கலப்பட உப்பு, பாயம்மாவின் சிரிப்பு எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"காய்ச்சல்லேந்து ஒண்ணும் தெரியலமா," என்றார். "தேனை வச்சாலும் மண்ணு, உப்பை வச்சாலும் மண்ணு. வூட்ல தெரியாது. சொல்லிடாத."

டாக்டரிடம் போயிருக்கிறார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வாசனை திரும்பி வந்துவிட்டதே, உங்களுக்கும் வரும் என்று சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. ரம்ஜான் கழிந்ததும் அவர் பெண்ணுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு வண்ணாரப்பேட்டையில் பெரிய குடும்பம். என் பெண் நிக்காஹுக்கு இன்னொருத்தன் அடுப்பு மூட்டினால் நான் மௌத்தாகிவிட்டேன் என்று அர்த்தம் என்று அந்தப் பெண் பாவாடை கட்டின காலத்திலிருந்து தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இப்போது அடுப்பு மூட்டினால் மானம் போகும். மூட்டாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கூட வேலை செய்கிற ஆள் யாரையாவது உப்புப் பார்க்கச் சொல்லலாமே என்றேன். சொன்னால் பொழுது சாய்வதற்குள் மாதவரம் வரைக்கும் போய்விடும், நாக்கு செத்த மாஸ்டருக்கு அப்புறம் எவன் அட்வான்ஸ் கொடுப்பான் என்றார். அதுவும் நியாயம்தான்.

கறி மசாலாவில் அவருக்குப் பயமில்லையாம். கிலோவுக்கு இவ்வளவு என்று கை கணக்கு இருக்கிறது. உலைத் தண்ணீரில்தான் சிக்கல். ஒவ்வொரு மண்டபத்துக்கும் ஒவ்வொரு அண்டா, ஒவ்வொரு தண்ணீர். அளவு கண்ணுக்குப் பிடிபடாது. அங்கேதான் நாக்கு வேண்டும்.

நான் ஒரு பைத்தியக்காரி. சட்டென்று ஆணியிலிருந்த கண்ணாடிக் குச்சியை எடுத்து நீட்டி, இதை வைத்துப் பாருங்களேன் பாய், தண்ணீர் சூடாவதற்கு முன்னால் விட்டால் சரியாகக் காட்டும் என்றேன்.

அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எழுந்து லுங்கியை உதறிக் கட்டினார். "மீனு மூத்திரம் போற தண்ணில கெடக்குற குச்சிய என் பிரியாணில வுடச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுத் தடதடவென்று படியிறங்கிப் போய்விட்டார். அப்புறம் நாலைந்து நாள் மேலே வரவே இல்லை. கெடக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தால் ஆணியில் குச்சி இல்லை. வீட்டுக்காரரைக் கேட்டேன், அவர் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்கியிருக்கிறார். மறுநாள் குச்சி ஆணியில் இருந்தது, சோப்பு போட்டுக் கழுவின வாசனையோடு. அடுத்த நாள் மறுபடியும் இல்லை. அந்த வாரம் பாயம்மா வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து புலம்பினார். மனுஷன் வீட்டில் தினமும் அரை கிலோ அரிசியில் பிரியாணி போடுகிறாராம், பாயம்மாவைச் சாப்பிட வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவர் மூஞ்சியையே பார்க்கிறாராம். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் தொலைத்த நாக்குக்குப் பதிலாகப் பாயம்மாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கேட்டால் குச்சியைத் திருப்பித் தந்துவிடுவார், அதனால் கேட்கவில்லை. கொளத்தூர் போய் எனக்கு வேறு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

நிக்காஹ் அன்று காலையில் நான் சீக்கிரமே மண்டபத்துக்குப் போனேன். பெண்ணுக்குப் பூ வைக்கப் போனதாகத்தான் பேர். பூவைக் கொடுத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனேன். கொல்லையில் கல் அடுக்கி அடுப்பு தயாராக இருந்தது. பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். தீ இன்னும் வைக்கவில்லை. பாய் ஆட்களை ஒவ்வொருவராக விரட்டிக்கொண்டிருந்தார். ஒருவனைப் புதினா வாங்க அனுப்பினார், ஒருவனை விறகு பார்க்க அனுப்பினார், இன்னொருவனை டீ வாங்கிவரச் சொன்னார். கொல்லை காலியானதும் உப்பை அள்ளிப் போட்டு நீளக் கரண்டியால் கலக்கினார். தண்ணீர் ஓயும் வரை காத்திருந்தார். சட்டைப் பைக்குள்ளிருந்து கர்ச்சீப்பைப் பிரித்துக் கண்ணாடிக் குச்சியை எடுத்து அண்டாவில் விட்டார். மூக்கு தண்ணீரில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். இன்னும் ரெண்டு பிடி போட்டார். கலக்கினார். மறுபடியும் குனிந்தார்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். திருடன் மாதிரி முழிப்பார் என்று நினைத்தேன். முழிக்கவில்லை. குச்சியை லுங்கியில் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"நீ வச்ச புள்ளிதாம்மா இன்னிக்கு கண்ணு. நல்லா தெரியுது."

நான் எந்தப் புள்ளியும் வைக்கவில்லை. என்ன சொல்கிறார் என்று கேட்பதற்குள் டீ வாங்கப் போனவன் வந்துவிட்டான். தலையை ஆட்டி வைத்தேன்.

தீ மூட்டினார்கள். பட்டை, கிராம்பு, புதினா எல்லாம் விழுந்தன. தண்ணீர் கொதித்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ரெண்டு பேர் மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று கொல்லைக்கே வந்து நின்றார்கள். பாய் கரண்டியில் மொண்டார், ஊதினார், நாக்கில் விட்டார், கண்ணை மூடினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் மூடியிருந்தார்.

"கடல் கணக்கா கீது, போடு!"

அரிசி விழுந்தது.

தம் உடைத்ததும் பந்திக்குப் போகும் முன்னால் ஒரு சின்னத் தட்டில் சோறும் ஒரு துண்டுக் கறியும் வைத்து என்னைத் தூண் பக்கமாகக் கூப்பிட்டார். தட்டைக் கையில் கொடுத்தார். அவ்வளவு காலமும் எங்கள் வீட்டு ரசம், தெருவின் தண்ணீர், மீன் தீவனம் எல்லாவற்றுக்கும் எங்களைக் கேட்காமலே தீர்ப்பு சொன்ன மனுஷன், யாரிடமும் கேட்டிராத ஒரு கேள்வியை என்னிடம் கேட்டார்.

"எப்படிமா கீது?"

நான் மென்றேன். மணி மணியாகச் சோறு. உப்பு அதன் இடத்தில் இருந்தது. காரம் கொஞ்சம் தூக்கல், அதற்குக் குச்சி இல்லையே. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் கண் இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

"கடல் கணக்கா கீது பாய்," என்றேன்.

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். புகை என்றார். அப்புறம் பந்திக்காரர்களைப் பார்த்து, இன்னாடா வேடிக்கை பாத்துகினு நிக்கிறீங்க, ஆறிப்போவுது என்று கத்தத் தொடங்கினார். அன்று மண்டபத்தில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் மீன் தொட்டிக் குச்சி நீந்திய தண்ணீரில் வெந்த சோற்றைத்தான் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ரெண்டு நாள் கழித்து பாயம்மா குச்சியைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். நன்றாகத் துடைத்து ஒரு பழைய துணியில் சுற்றியிருந்தார். பிரித்துப் பார்த்தேன். கழுத்தில், பச்சைக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, சிவப்பாக ஒரு சின்னப் புள்ளி. நகப் பாலீஷ்.

"பொண்ணு பாலீஷ்தான்," என்றார் பாயம்மா. "அந்தப் பொடி எழுத்து அவரு கண்ணுக்குத் தெரியாது. உப்பு கரைச்சு குச்சிய வுட்டுப் பாத்துட்டு தொழுவப் போவாரு. நான் அந்தத் தண்ணிய வாயில வச்சுப் பாப்பேன். சோறு சரியா வந்த அன்னிக்கு, குச்சி தண்ணில எதுவரைக்கும் முங்கிச்சோ அங்க புள்ளி வச்சேன்."

அவர் நாக்கு போனது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். காய்ச்சல் விட்ட கொஞ்ச நாளிலேயே தெரியுமாம். ஒருநாள் கஞ்சியில் உப்பு போட மறந்துவிட்டாராம், மனுஷன் நல்லா கீது என்று ரெண்டு கிண்ணம் வாங்கிக் குடித்திருக்கிறார். அன்று ராத்திரி திரும்பிப் படுத்து அழுதாராம் பாயம்மா. மறுநாள்தான் படியில் உட்கார்ந்து, மனுஷன் திருந்திவிட்டார் என்று என்னிடம் சிரித்தது.

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு அடுப்பாண்டையே வர மாட்டாரும்மா. நீ வச்சதாவே இருக்கட்டும்."

அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். அடுத்த வருஷம் எங்கள் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று எல்லாரும் காலி செய்தோம். பாய் குடும்பம் மாதவரம் பக்கம் போயிற்று. போகும்போது இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று குச்சியை நீட்டினேன். அதற்குள் தன் அண்டாக்களுக்கு இத்தனை தண்ணீருக்கு இத்தனை பிடி என்று கை பழகிவிட்டது என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். நாக்கு கொஞ்சம் திரும்பியிருக்கிறது, புளிப்பு மட்டும் தெரிகிறது என்றும் சொன்னார். அது உண்மையா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா, தெரியாது.

தொட்டி திருவொற்றியூரில் இப்போதைய வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வாங்கின குச்சி உடைந்துவிட்டது, பழையதைத்தான் வைத்திருக்கிறேன். தொட்டியில் விட்டால் பச்சைக் கோடு வரைக்கும் நிற்கும். சிவப்புப் புள்ளி தண்ணீருக்கு மேலே தனியாகத் தெரியும். உப்பு குறைந்தால்தான் குச்சி அந்தப் புள்ளி வரைக்கும் அமிழும். வாழ்நாளெல்லாம் கடல் கணக்கா, கடல் கணக்கா என்று கத்தினாரே, அவருடைய உலை ஒருநாளும் அவ்வளவு கரித்ததில்லை.

பெருநாளைக்கு மாதவரத்திலிருந்து போன் வரும். மீன் எப்படி கீது என்று கேட்பார். அப்புறம் மறக்காமல், நீ மட்டும் அந்தப் புள்ளி வைக்கலன்னா அன்னிக்கு என் மானம் போயிருக்கும்மா என்பார். பக்கத்தில் பாயம்மா, யாருகிட்ட இவ்ளோ நேரம் பேச்சு, சோறு ஆறுது என்று கூப்பிடுவது கேட்கும்.